இறங்கு வீடும் தொய்வு விட்ட கயிறும்

தோணிக்காரத் தெருவில் எதைக் கட்டினாலும் கொஞ்சம் தொய்வு விட்டுத்தான் கட்டுவார்கள். துணி காயப்போடும் கொடியாகட்டும், மின்சாரக் கம்பியாகட்டும், குழாயடியிலிருந்து வரும் ரப்பர்க் குழாயாகட்டும், தீபாவளிக்குக் குறுக்கே தொங்கவிடும் சீரியல் விளக்காகட்டும், இழுத்துக் கட்டினால் ஒருநாள் அறுந்துபோகும் என்று அங்கே பிறந்த சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஏனென்றால் அந்தத் தெருவின் கோடியில் நின்ற இறங்கு வீடு நடந்துகொண்டிருந்தது.

நடந்தது என்றால் ஓடவில்லை, சாமி. ஒரு மழைக்காலத்துக்கும் அடுத்த மழைக்காலத்துக்கும் நடுவில், ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கிற தூரம், அவ்வளவுதான். வாசலை முன்னால் வைத்துக்கொண்டு, கப்பல்துறையைப் பார்த்து, செங்கல் கால்களையும் பலகைத் தரையையும் ஓட்டுக் கூரையையும் மாடியில் இருந்த அத்தனை கட்டில்களையும் சுமந்துகொண்டு அது போனது. போகும்போது பார்த்தேன் என்று சொன்னவன் எவனும் இல்லை. மத்தியானச் சோறு தின்றுவிட்டுத் தெரு மொத்தமும் கண் அசரும் நேரம் பார்த்து அது தன் வேலையை முடித்துக்கொள்ளும். ஆதியில் மாரியம்மன் கோயிலுக்கு நேர் எதிரே இருந்ததாம். இப்போது கோயிலிலிருந்து கூப்பிட்டால் காது கேட்காத தூரத்தில், பழைய மீன் காயப்போடும் திடலில் நின்றது. இதற்காக யாரும் ஆச்சரியப்பட்டு நேரத்தை வீணாக்கவில்லை. மின்சாரக்காரர்கள் வரும்போதே கூடுதலாக ஒரு சுருள் கம்பி கொண்டுவந்தார்கள். வீட்டு நிழலிலேயே காலம் தள்ளிய தேநீர்க்கடை ஜமால் பாய் தன் கடைக்குச் சக்கரம் வைத்துவிட்டார்.

ஏன் நடக்கிறது என்று கேட்டால் தெருவில் ஒரே பதில்தான். "ஊர் ஏக்கம், வேற என்னா? நாகப்பட்டினத்துக்குப் போவுது." நாகப்பட்டினத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் யாரும் தெருவில் மிச்சமில்லை, போகிற உத்தேசமும் ஒருவருக்கும் இல்லை, ஆனாலும் வீடாவது போகிறதே என்று ஆளுக்கு ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்வார்கள். அந்தக் காலத்தில் கப்பல் ஏறி, வாந்தியெடுத்து, பாதி உயிரோடு இந்த மலாய்க் கரையில் இறங்கியவர்கள் முதல் வாய்ச் சோறு தின்றது அங்கேதான். துறைமுகத்தில் தோணி வலித்தவர்கள் கூட்டாகச் சேர்ந்து கட்டிய வீடு. அதற்கென்று ஒரு வழக்கம் இருந்தது. வாசலில் வந்து நிற்பவனிடம் யார், என்ன, எந்த ஊர், என்ன சாதி, எதையும் கேட்கக் கூடாது. முதலில் பித்தளைச் செம்பில் தண்ணீர், அவன் குடித்து வாயைத் துடைத்த பிறகுதான் பேர். கப்பல்கள் நின்றுபோய், மாடிக் கட்டில்கள் காலியாகக் கிடந்த வருஷங்களில் வீடு கொஞ்சம் எட்டி நடை போட்டதாக ஜமால் பாய் சொல்வதுண்டு. தேநீர் ஆற்றுகிறவன் பேச்சை யார் காது கொடுத்துக் கேட்டார்கள்?

அந்த வீட்டிலேயே பிறந்து, அந்த வீட்டிலேயே தலை நரைத்து, அப்பன் செத்த பிறகு தோணிக்காரர் சங்கத்தின் சார்பில் அந்த வீட்டையும் அதன் வாடகைக் கட்டில்களையும் கவனித்துக்கொண்டிருந்தவள் தனபாக்கியம். கல்யாணம் மூன்று தடவை பேசி வந்தது. மூன்று மாப்பிள்ளையையும் அவள் நம்பவில்லை. அவள் யாரைத்தான் நம்பினாள்! பால் டின்னில் பால் எவ்வளவு இருக்கிறது என்று வெளியே பென்சிலால் கோடு போட்டு வைப்பாள். மீன்காரன் தராசில் வைப்பதற்கு முன் மீனின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்ப்பாள், ஈயக் குண்டு இருக்கிறதா என்று. கோயிலில் கற்பூரத் தட்டு வந்தால் பூசாரி கையைப் பார்ப்பாள், சாமியைப் பார்க்க மாட்டாள். வீட்டையும் அவள் நம்பவில்லை என்பதுதான் பெரிய சங்கதி. விடிந்ததும் படிக்குக் கீழே கோலம் போடுவாள். மறுநாள் அந்தக் கோலத்தில் எவ்வளவு படிக்கு அடியில் போயிருக்கிறது என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்ப்பாள். "எங்கடி போற, கள்ளி?" என்று கதவு நிலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு உள்ளே போவாள். தண்ணீர் கொடுக்கும் வழக்கத்தை அவள்தான் நிறுத்தினாள். கட்டில் கேட்டு வருகிறவனிடம் அவள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை "பெர்மிட்டைக் காட்டு" என்பதுதான். செம்பு மட்டும் அடுப்பங்கரைத் தண்ணீர்ப் பானைமேல், துலக்கித் துலக்கித் தங்கம் மாதிரி, சும்மா உட்கார்ந்திருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஹோட்டல்காரர்கள் வந்தார்கள். கடலைப் பார்த்த மாதிரி இருபது மாடி கட்டப்போகிறார்களாம். திடலும் வேண்டுமாம், வீடு நிற்கும் இடமும் வேண்டுமாம். வீடு நிற்க வேண்டிய இடம் கோயில் முன்னால், அது நிற்கும் இடம் திடலில், ஆக அது ஆக்கிரமிப்பு, இடிக்கலாம் என்று அவர்களுடைய வக்கீல் கண்டுபிடித்துச் சொன்னார். அந்த வீடு போனால் தனபாக்கியத்துக்குப் போக இடமில்லை. தங்கச்சி மகன் வீட்டில் போய் ஒரு மூலையில் முடங்கலாம், அந்தத் தங்கச்சி மகனைத்தான் அவள் எல்லாரையும்விடக் குறைவாக நம்பினாள்.

தோணிக்காரர் சங்கத் தலைவர் கோவிந்தராஜு ஒரு வழி கண்டுபிடித்தார். வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா வைத்திருப்பவர், ஒன்றாவது எழுதுமா என்று தனபாக்கியத்துக்குச் சந்தேகம். "நகரத்தோட பாரம்பரியச் சின்னம்னு அறிவிக்கச் சொல்வோம். கல்வெட்டு வச்சிட்டாங்கன்னா அப்புறம் எவனும் ஓர் ஓட்டைக்கூடத் தொட முடியாது" என்றார்.

தெரு கைதட்டவில்லை. அரசாங்கம் சும்மா ஒன்றைக் கொடுக்கிறது என்றால் எதற்கு என்று யோசித்தது. கல்வெட்டுக்குள் கேமரா வைப்பார்கள் என்றான் ஒருவன். வீட்டைக் காட்சிசாலையாக்கி டிக்கெட் போடுவார்கள், தனபாக்கியம் தன் அடுப்பங்கரைக்குப் போகவே டிக்கெட் எடுக்கணும் என்றாள் ஒருத்தி. ஜமால் பாய் தேநீரை ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கி ஆற்றிக்கொண்டே, "அவங்களா தேடி வந்து நல்லது செய்யுறாங்கன்னா எனக்குக் கசக்குது, தங்கச்சி" என்றார்.

"எனக்கு மட்டும் என்னா இனிக்குதா? ஹோட்டல்காரன் கையில மாட்டுறதா, இவங்க கையில மாட்டுறதா, அதான் கேள்வி" என்றாள் தனபாக்கியம்.

பாரம்பரிய இலாகாவிலிருந்து ஷர்மிளா என்ற பெண் வந்தாள். தலைநகரத்தில் படித்தவள், தொப்பியும் டேப்பும் வரைபடமுமாக வெயிலில் அலைந்தவள், மரியாதை தெரிந்தவள். அந்த மரியாதையே தனபாக்கியத்துக்குப் பிடிக்கவில்லை.

"ஆன்ட்டி, பழைய மேப்புல இந்த வீடு கோயிலுக்கு முன்னாடியில்ல இருக்கு? இங்க எப்படி?"

"நடந்து வந்துச்சு" என்றார் ஜமால் பாய்.

"எப்பலேர்ந்து?"

"எங்கப்பா காலத்துக்கு முன்னாடியிலேர்ந்து."

ஷர்மிளா குனிந்து வீட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். உருளையோ சக்கரமோ இருக்கிறதா என்று தேடினாள். திடலைப் பிடிக்கத் தெருவே சேர்ந்து தள்ளிக்கொண்டு வந்திருக்குமோ என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. தனபாக்கியம் அதை வரிவரியாகப் படித்தாள். சந்தேகப்படுகிறவளை இன்னொரு சந்தேகக்காரி கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? முதல் தடவையாக அந்தப் பெண்மேல் அவளுக்குக் கொஞ்சம் மதிப்பு வந்தது.

"நடக்கிறது பிரச்சனை இல்ல" என்றாள் ஷர்மிளா கடைசியில், டேப்பைச் சுருட்டிக்கொண்டே. "நடக்கக் கூடாதுன்னு எங்க சட்டத்துல எங்கயும் இல்ல. ஆனா கல்வெட்டு வைக்கிற அன்னைக்கு அது கல்வெட்டுக்குப் பின்னால நிக்கணும். அதுவரைக்கும் அசையாம பாத்துக்குங்க." பிறகு குரலைத் தணித்தாள். "இன்னொன்னு ஆன்ட்டி. மேலிடத்துல சொல்றாங்க, சின்னமா அறிவிச்சா உள்ள வெளிநாட்டு ஆளுங்களை வாடகைக்கு வைக்கக் கூடாதாம்."

அசையாமல் நிறுத்துவது எப்படி? சங்கம் கூடிக் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தது. ஊருக்குப் போகத்தானே துடிக்கிறது, ஊரையே கொண்டுவந்து காலடியில் வைத்துவிட்டால்? தலைவரின் மச்சான் விமானம் ஏறித் திருச்சியில் இறங்கி, நாகப்பட்டினம் போய், கடற்கரை மண்ணை ஓர் ஊறுகாய் பாட்டிலில் அள்ளி, திரும்பும்போது விமான நிலையத்தில் அதிகாரி மூடியைத் திறந்து மோந்து பார்க்க, இது எங்கள் வீட்டுக்கு மருந்து என்று உண்மையையே சொல்லித் தப்பி வந்தான். பூசாரி மணியடிக்க, தலைவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வீட்டுக்கு அடியில் தவழ்ந்து, பாட்டிலை நட்டு நடுவில் குழி தோண்டிப் புதைத்தார். "வந்து சேந்துட்டோம்னு நெனச்சுக்கும் பாருங்க" என்றார் வெளியே வந்து, முழங்காலைத் தட்டியபடி.

அடேயப்பா, நின்றேவிட்டது! மறுநாள் கோலம் முழுசாக இருந்தது. அதற்கு மறுநாளும் முழுசாக இருந்தது. தெரு பாயசம் காய்ச்சியது. தலைவர் தன் மச்சானுக்குச் சால்வை போட்டார். தனபாக்கியம் மட்டும் படிக்குக் கீழே உட்கார்ந்து கோலத்தை உற்று உற்றுப் பார்த்தாள். பாட்டில் மண்ணுக்கு மயங்குகிற ஜாதியா இந்த வீடு?

அதே வாரத்தில்தான் மாடிக் கட்டில்கள் நிரம்பியிருந்தன. துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலைக்கு வங்கதேசத்திலிருந்து ஒரு கூட்டம் வந்திருந்தது. பெர்மிட்டெல்லாம் சரியாக இருந்ததால் தனபாக்கியத்தால் மறுக்க முடியவில்லை. அவர்களில் ஒருவன் நிலையில் தலை இடிக்கும் அளவுக்கு உயரம். அவனை அவள் நெட்டை என்றாள், மற்றவர்களை எல்லாம் சேர்த்து "ஏய், மேல் மாடி" என்றாள். பெர்மிட்டில் பேர் இருந்தது. அதை வாசித்துப் பார்த்தாளே தவிர வாயால் சொன்னதில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் பழக்கமாகிவிடும், பழக்கமானால் ஏமாற்றுவான் என்பது அவள் கணக்கு.

நெட்டை பாதி மலாயும் பாதி அவளிடமிருந்தே பொறுக்கிய தமிழுமாகப் பேசினான். வேலை விட்டு வந்ததும் படியைக் கழுவிவிட்டான். யார் கழுவச் சொன்னது? கதவுக்குள் நுழையும்போதெல்லாம் நிலையில் உள்ளங்கையை ஒரு நிமிஷம் வைத்து எடுத்தான். எதற்கு? ஒருநாள் அடுப்பங்கரையில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஒரு பலகை உளுத்துப்போய் வாயைப் பிளந்துகொண்டிருப்பதைக் காட்டி, "அம்மா, இது அடிச்சுத் தரேன். சும்மா தரேன், காசு வேணாம்" என்றான்.

காசு வேண்டாமா! தனபாக்கியத்துக்குச் சுருக்கென்றது. பலகையைக் கழற்றி அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கப்போகிறானோ?

"ஒண்ணும் வேணாம். உன் சோலியைப் பாரு" என்றாள்.

கல்வெட்டு விழாவுக்கு நாள் குறித்தார்கள். அமைச்சர் அளவுக்கு ஒருவர் வருகிறார் என்றார்கள். தலைவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பேனாவை எடுத்துத் துடைத்து மறுபடி பையில் வைத்துவிட்டு, "தனபாக்கியம், மேல இருக்கிற ஆளுங்களை அனுப்பிடணும்" என்றார்.

"நான் என்னா சொல்லி அனுப்ப? வாடகை கொடுத்துட்டாங்க, பெர்மிட் இருக்கு."

"ஏதாவது சொல்லு. நம்ம ஆளுங்க கப்பல்ல வந்து கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்த கதையைப் படம் படமா மாட்டப் போறோம். அந்த நேரத்துல இவனுங்க மாடியில லுங்கியைக் காயப்போட்டுக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?"

அவளுக்கும் நல்லாயிருக்காது என்றுதான் பட்டது. ஆனாலும் கொடுத்த வாடகையைத் திருப்பிக் கொடுத்து வெளியே போ என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வாய்க்கு வழி தானாக வந்தது. விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, காலையில், செம்பைக் காணோம்.

தண்ணீர்ப் பானைமேல் அவள் கையால் கவிழ்த்து வைத்த செம்பு. அரிசி மூட்டைக்குப் பின்னால் தேடினாள், அடுப்புச் சாம்பலைக் கிளறினாள், ஜமால் பாய் கடைப் பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தாள். பிறகு மாடிக்கு ஏறி ஒவ்வொருவன் மூட்டையையும் தரையில் கொட்டினாள். சட்டை, படம் ஒட்டிய சோப்புப் பெட்டி, பிள்ளைகளின் போட்டோ, ஊறுகாய், செம்பு இல்லை. இல்லாததே அவளுக்குச் சாட்சியாகப் போயிற்று. விற்றிருப்பான்.

"அம்மா, நான் எடுக்கலை" என்றான் நெட்டை. அவன் மூட்டைதான் கடைசியாகக் கொட்டப்பட்டது.

"நீ எடுக்கலன்னா வீடா எடுத்துச்சு? அடுப்பங்கரையில நோட்டம் விட்டவன் நீதானே! பலகை அடிக்கிறானாம் பலகை! கிளம்புங்க எல்லாரும். இப்பவே கிளம்புங்க."

கொட்டிக் கிடந்ததையெல்லாம் அவன் அள்ளி மூட்டை கட்டினான். மற்றவர்களும் கட்டினார்கள். வரிசையாகப் படியிறங்கி, கப்பல்துறையின் முனையில் இருந்த பழைய சரக்குக் கொட்டகையைப் பார்த்து நடந்தார்கள். நெட்டை போகும்போது நிலையில் கையை வைத்து எடுத்தான். தனபாக்கியம் அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்தாள். துடைத்த பிறகு ஏன் துடைத்தோம் என்று அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. வெயில் என்று சொல்லிக்கொண்டாள்.

அன்று மத்தியானமே வீடு நகர்ந்தது. மாலையில் பார்த்தால் காலைக் கோலத்தில் பாதியைக் காணோம். மறுநாள் கோலமே காணோம்.

தெரு தலையில் கைவைத்தது. தலைவர் ஓடிவந்து வீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்து, மண் காலாவதியாகிவிட்டதா என்று மச்சானைத் திட்டினார். பிறகு தனபாக்கியத்தைத் தனியாகக் கூப்பிட்டு, "ஹோட்டல்காரங்க உன்கிட்ட ஏதாவது பேசினாங்களா?" என்று கேட்டார். அவள் பார்த்த பார்வையில் அவர் பேச்சை அங்கேயே விட்டுவிட்டு, "கட்டிப்போட்டுடுவோம்" என்றார்.

கப்பல் கட்டும் வடக் கயிறு வந்தது, தொடை கனம். தோணிக்காரர்களின் பேரன்மாரும் மருமகன்மாரும் ஒன்றுகூடி, வீட்டின் நான்கு மூலைக் கால்களிலும் சுற்றி, கோயில் அரசமரத்தில் கொண்டுபோய்க் கட்டினார்கள். அப்படி ஒரு முடிச்சை இந்தக் கடற்கரையே கண்டதில்லை. யானையைக் கட்டினாலும் அவிழாது. முடிச்சைப் பத்துப் பேர் சோதித்தார்கள், கயிற்றை ஒருவரும் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து கொடியும் கம்பியும் கட்டிக் கட்டிப் பழகிய கைகள் அல்லவா? அவை பாட்டுக்கு, எசமானைக் கேட்காமல், எப்போதும் விடுவதுபோல் தொய்வு விட்டுத்தான் கட்டின. பெரிய வீடு ஆயிற்றே என்று கொஞ்சம் தாராளமாகவே விட்டன. மிச்சக் கயிறு புல்லுக்குள் சுருள் சுருளாகக் கிடந்தது, அதன்மேல் பந்தல் போட்டார்கள்.

விழா அமர்க்களம். நாதஸ்வரம், மாலை, மூன்று மொழியில் பேச்சு. வீட்டுக்கு முன்னால் நிறுத்திய கருங்கல் தூணில் திரையை விலக்கினார்கள். தாயகம் திரும்பத் துடிக்கும் இல்லம் இங்கே நிற்கிறது, இது இந்நகரின் சின்னம் என்று பொன்னெழுத்தில் இருந்தது. தலைவர் அழுதார். வாழையிலையில் சாப்பாடு போட்டார்கள். ஆட்டுக்கறி, நண்டு, பாயசம், தயிர். அந்தத் தயிருக்கு மேல் எவனால் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியும்? வந்த பெரிய மனிதர் மாலையோடு நாற்காலியில் சாய்ந்தார். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கினார். ஷர்மிளா தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டாள். மத்தியானத்தில் கண் மூடாத தனபாக்கியம்கூட, மூன்று நாளாகத் தூக்கமில்லாததால், அடுப்பங்கரைப் பலகையில் தலை வைத்ததும் போய்விட்டாள்.

விழித்தபோது காதுக்கு அடியில் தண்ணீர் அலம்பியது. பானை கவிழ்ந்ததோ என்று எழுந்து பார்த்தாள். பானை அப்படியே இருந்தது. உளுத்த பலகையின் பிளவு வழியே கீழே கடல் தெரிந்தது.

வாசலுக்கு ஓடிக் கதவைத் திறந்தாள். எதிரே, கைநீட்டினால் தொடும் தூரத்தில், சரக்குக் கொட்டகை. தகரக் கூரைக்குக் கீழே மூட்டைகள்மேல் மாடியிலிருந்து போன பிள்ளைகள் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். வீடு வந்து நின்றதைப் பார்த்து ஒருவனும் எழுந்திருக்கவில்லை. நெட்டை மட்டும் வழியில் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டான்.

தனபாக்கியம் கடலைப் பார்த்தாள். வீடு நினைத்திருந்தால் இன்னும் நாலடி வைத்து முழுசாகத் தண்ணீரில் இறங்கியிருக்கலாம், கயிற்றில் தொய்வும் மிச்சம் இருந்தது. இறங்கவில்லை. கல்வெட்டையும் தூங்குகிறவர்களையும் சுற்றிக்கொண்டு வந்து, கடலுக்குப் பக்கவாட்டைக் காட்டிவிட்டு, வாசலைக் கொட்டகைக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றிருந்தது. ஊருக்குப் போக வந்த வீடு இப்படியா நிற்கும்? இத்தனை வருஷமும் இது போனது ஊருக்கு இல்லையடி பாவி, என்று அவளுக்குள் ஏதோ சொன்னது. ஆள் தேடி வரவில்லை என்றால், ஆளைத் தேடி அது வந்திருக்கிறது.

அதற்குள் தெருவே ஓடிவந்தது. முன்னால் தலைவர், பின்னால் ஷர்மிளா, கடைசியில் சக்கரக் கடையைத் தள்ளிக்கொண்டு ஜமால் பாய். அவர் கையில் செம்பு இருந்தது.

"தங்கச்சி, வீடு நின்ன எடத்துல, பாதி மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடந்துச்சு. பாட்டில் புதைச்ச குழிக்குப் பக்கத்துலயே. பலகை ஓட்டை வழியா விழுந்திருக்கு போல."

தனபாக்கியம் செம்பை வாங்கினாள். மண் ஒட்டியிருந்தது. அடித்துத் தரேன் என்றானே, சும்மா தரேன் என்றானே. பிள்ளைகளின் போட்டோவைத் தரையில் கொட்டினோமே! அவளுக்கு முகம் எரிந்தது. அந்தப் பிளவு வழியே தானும் கடலுக்குள் விழுந்துவிட்டால் நல்லது என்றிருந்தது.

"கதவைச் சாத்து, தனபாக்கியம்!" தலைவருக்கு மூச்சு வாங்கியது. "பெரியவர் இன்னும் முழிக்கல. ஆளுங்களைக் கூட்டி இழுத்துடலாம். அதுக்குள்ள இவனுங்க உள்ள போனாங்கன்னு தெரிஞ்சுது, கல்வெட்டும் போச்சு, வீடும் போச்சு. நீ தெருவுலதான் நிப்ப, பாத்துக்க!"

பொய்யில்லை அது. அவளுக்கு நன்றாகத் தெரியும். தங்கச்சி மகன் வீட்டு மூலை கண்முன் வந்து நின்றது.

அவள் உள்ளே போனாள். செம்பைத் தேய்த்துக் கழுவினாள், பானையிலிருந்து நிறைய மொண்டாள், படியிறங்கி வந்து நெட்டைக்கு முன்னால் நீட்டினாள்.

அவன் செம்பைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கையை நீட்டவில்லை. சந்தேகம் எப்படி இருக்கும் என்று இன்னொருவன் கண்ணில் பார்க்க அவளுக்கு அன்றைக்குத்தான் வாய்த்தது.

"வாங்கினா, நான் எடுத்தேன்னு சொல்லுவீங்க" என்றான்.

"சொல்ல மாட்டேன். நான் பண்ணது தப்பு. உன்னைத் திருடன்னு சொன்ன வாய் அழுகிப்போகட்டும். குடிப்பா, கை வலிக்குது."

அவன் வாங்கினான். அண்ணாந்து, உதட்டில் படாமல், தொண்டை ஏறி இறங்க, கடைசிச் சொட்டுவரை குடித்தான். தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஷர்மிளா அவர் கையைப் பிடித்தாள். அவன் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"இப்ப சொல்லு" என்றாள் தனபாக்கியம். "உன் பேரு என்னா?"

"ஷஃபீகுல்."

"ஷஃபீகுல், உள்ள வா. தலை இடிக்கும், குனிஞ்சு வா."

மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள். செம்பு பானைக்கும் வாசலுக்குமாக அலைந்தது.

வடக் கயிற்றைப் பிடித்துத் தெருவே இழுத்துப் பார்த்தது. வீடு ஒரு விரல்கூட அசையவில்லை. இலாகாவும் ஹோட்டல்காரர்களும் அதற்குப் பிறகு வெகு காலம் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். சின்னமாக அறிவிக்கப்பட்டது கல்வெட்டுக்குப் பின்னால் உள்ள இடம், ஆகவே அந்தக் காலித் திடலில் யாரும் ஒரு செங்கல்லும் வைக்க முடியாது. வீடு நிற்பதோ கப்பல்துறை விளிம்பில், பாதி கரை பாதி கடல், அது யார் எல்லை என்று எந்த வரைபடத்திலும் இல்லை. ஷர்மிளா மேலிடத்துக்கு என்ன எழுதினாளோ, அவளை அந்தப் பக்கம் திரும்ப அனுப்பவில்லை. சுற்றுலாக்காரர்கள் வந்து கல்வெட்டைப் படித்துவிட்டு, தாயகம் திரும்பத் துடித்த இல்லம் போயே விட்டது என்று புல்தரையைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். தலைவர் அதற்குப் பிறகு தனபாக்கியத்தோடு பேசவில்லை. ஒழுகும் கூரைக்குச் சங்கத்திலிருந்து ஓர் ஓடுகூட வரவில்லை. ஷஃபீகுல் தகரம் வைத்து அடித்தான், உளுத்த பலகையையும் அடித்தான். அடிக்கும்போது அவள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறவிக் குணம் அவ்வளவு சீக்கிரம் போகுமா?

விழாவுக்கு மறுநாள் விடிந்ததும் அவள் படிக்குக் கீழே, கப்பல்துறைச் சிமெண்டில், உப்புக் காற்றில் மாவு பறக்கப் பறக்கக் கோலம் போட்டாள். அடுத்த நாள் வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். மாடியில் லுங்கிகள் காய்ந்தன. கோலம் முழுசாக இருந்தது. அவள் நம்பவில்லை, குனிந்து, படியின் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு நிலையில் உள்ளங்கையை ஒரு நிமிஷம் வைத்து எடுத்தாள்.

"வந்து சேந்துட்டியாடி, கள்ளி?" என்று கேட்டுவிட்டு, கொட்டகைப் பக்கம் யாரோ புதிதாக வந்து இறங்கும் சத்தம் கேட்டதால், செம்பை எடுக்க உள்ளே போனாள்.